கிளாப் அடிக்காத ஷாட்

மூக்கில் பஞ்சோடு அவள் பாடையில் மல்லாந்து கிடந்தாள்.

நெற்றியில் ஒட்டிய காசு முற்றத்து வெயிலில் சூடேறியிருந்தது. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது காதருகே ஓர் எறும்பு, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அசையக் கூடாது. பிணம் அசையாது.

இயக்குநருக்கு எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். அதற்காக இலுப்பூர்ப் பக்கமிருந்து நிஜமாகவே ஒப்பாரி வைக்கும் பெண்களை அழைத்து வந்திருந்தார். அவளுக்கு மூன்று நாளாகக் காலைச் சாப்பாடு கிடையாது. முகத்தில் பட்டினி தெரிய வேண்டுமாம். தெரிந்தது. பட்டினி போட்டால் யார் முகத்திலும் தெரியும்.

அவருடைய படத்தில் இது அவளுக்கு நான்காவது சாவு.

முதல் படத்தில் கிணறு. அடுத்ததில் அரளி விதை. மூன்றாவதில் அடுப்படியில் எரிந்துபோனாள்; அதற்கு விருது கிடைத்தது, அவருக்கு. பெண்ணின் துயரத்தை இவரைப் போல யாரும் சொன்னதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. துயரப்பட்டவளுக்கு முதுகு வலிதான் மிச்சம். ஆனாலும் அவர் கூப்பிட்டால் வந்துவிடுகிறாள். நல்ல வேஷம் தருகிறார், அதையும் சொல்ல வேண்டும்.

"கட். ஓகே."

ஒப்பாரி நின்றது. இயக்குநர் மானிட்டரை விட்டு எழுந்து டீ குடிக்கப் போனார். அடுத்து நடக்கும் சடங்கில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

பிணமாக நடித்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் நடித்த சாவு ஆளோடு ஒட்டிக்கொண்டு வராது. அந்த ஷாட்டுக்கு எண் கிடையாது, கிளாப் கிடையாது. கிளாப் அடித்துவிட்டால் அதுவும் நடிப்பாகிவிடும், செல்லாது. கேமராமேன் தேவசகாயம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் இதை எடுக்காமல் பேக்கப் சொல்ல யாரையும் விடமாட்டார்.

அந்தச் சிரிப்பைப் பிறகு அவளுக்கு அனுப்பியும் வைப்பார்.

மூன்று படம், மூன்று சிரிப்பு. ஆறு வயது மகளுக்கு அவள் காட்டியிருப்பது அவை மட்டும்தான். அம்மா நடித்த படம் என்றால் குழந்தைக்கு அவ்வளவுதான். படுத்திருக்கும் அம்மா எழுந்து சிரிப்பாள், படம் முடிந்துவிடும். மகள் கைதட்டிவிட்டு இன்னொரு தடவை போடச் சொல்வாள்.

தேவசகாயம் தலையசைத்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலைமாட்டில் ஒப்பாரி வைத்த வேலாயி, இன்னும் காயாத கண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டே குனிந்தாள்.

"கால்கட்ட அவுத்து விடவா தாயி? இல்ல, குதிச்சுக் குதிச்சே சோத்துக்குப் போயிருவியா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்குப் பஞ்சு பறந்து வேலாயியின் மடியில் விழுந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். கேமராவைப் பார்த்தும் சிரித்தாள்.

ஓய்ந்தபோதுதான் கவனித்தாள். வாசலில் டீ கிளாஸோடு இயக்குநர் நின்றிருந்தார்.

"இதுதான். நாலு படமா இதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். இந்தச் சிரிப்பு, அடுத்த கட்ல சிதை. தியேட்டர்ல ஒருத்தன் எந்திரிக்க மாட்டான். கிளாப் கொண்டாங்கப்பா."



அழுகையை எடுத்துக்கொள்ளட்டும். அதற்குத்தான் வந்தாள். இது வீட்டுக்குப் போக வேண்டியது. மகள் என்றைக்காவது தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பாள். அம்மா எழுந்து சிரிப்பாள். கைதட்டப் போகும்போது நெருப்பு வரும்.

மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. இவரிடம் அப்படிச் சொன்ன யாரும் அடுத்த படத்தில் இருந்ததில்லை.

கிளாப் அடித்தது. சிரித்தாள்.

"ஒன் மோர்."

சிரித்தாள். பல் தெரிந்தது.

"ஒன் மோர்மா. முன்ன சிரிச்சியே, அந்த மாதிரி."

ஐந்தாவது டேக்கில் கொஞ்சம் கூடிப்போனது. ஏழாவதில் பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. நினைத்த மாத்திரத்தில் கண்ணீர் விடுகிறவளுக்குச் சிரிப்பு வரவில்லையே என்று யூனிட்டே பரிதாபப்பட்டது. கெட்டுப்போகும்படி சிரிக்கவும் நடிப்புத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு படத்திலும் அவள் இவ்வளவு பாடுபட்டு நடித்ததில்லை.

பதினொன்றாவதில் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று திரும்பினார்.

"தேவா, மொதல்ல சிரிச்சாளே. அது இருக்குமில்ல?"

அவள் குனிந்து கால்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடவில்லை. இந்த முறை மூச்சு விடாதே என்று யாரும் சொல்லாமலே.

தேவசகாயம் லென்ஸைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அதுக்குக் கேமராவே ஓடல சார். கவனிக்காம விட்டுட்டேன்."

இருபது வருஷமாக அந்த ஷாட்டைத் தவறவிட்டதே இல்லை என்று பெருமை பேசுகிறவர். யூனிட் அவரையே பார்த்தது.

"சடங்கு சடங்குன்னு உயிர வாங்குவ. இன்னைக்குன்னு பாத்து, ச்சே!"

டீ கிளாஸ் சுவரில் பட்டு உடைந்தது. அதற்கு மேலும் நிறைய வசவு விழுந்தது. தேவசகாயம் அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். இயக்குநர் காருக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

வேலாயி கால்கட்டை அவிழ்த்துவிட்டாள்.

அவள் பாடையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிளாப் இல்லாமல் இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லித் தேவசகாயம் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் கேமராவுக்கு உறையைப் போட்டார்.

"பேக்கப்," என்றார்.