என் கடை, என் இஷ்டம்

“என் கடை, என் இஷ்டம்! வாடகை கட்டுறது நான், கத்தரி பிடிக்கிறது நான். உள்ளே யார் புகை விடணும், யார் விடக்கூடாதுன்னு நீங்க வந்து சொல்றதா?”

சலூன்காரர் போட்ட சத்தத்தில் கண்ணாடி முன்னால் இருந்த பவுடர் டப்பாவே ஒருமுறை அதிர்ந்தது. வாசலில் நின்ற சுகாதார அதிகாரி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண். ‘புகை பிடிக்கக் கூடாது’ என்ற நோட்டீஸையும் பசை டப்பாவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“சபாஷ் மாப்ளே! விடாதே!” என்றார் பெஞ்சில் இருந்த மச்சான். அவருக்குப் பக்கத்தில் வாத்தியார். கோடியில், ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு லாரிக்காரர். மூவர் விரலிலும் சிகரெட். வாத்தியாருடையது மட்டும் இழுக்கப்படாமலே பாதி சாம்பலாகியிருந்தது.

இதில் ஒரு சங்கதி உண்டு. அந்த அதிகாரியை வரவழைத்ததே சலூன்காரர்தான்.

பத்து நாளைக்கு முன்னால், கையெழுத்து யாருக்கும் பிடிபடக் கூடாதென்று இடது கையால், நம்பர் போட்டு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். ஒன்று, துண்டெல்லாம் புகை நாற்றம். இரண்டு, பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மார்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். மூன்று, கடைக்காரருக்கு இருமல் நிற்கவில்லை. நான்கு, கடைக்காரர் மிகவும் நல்லவர், அவர்மேல் நடவடிக்கை வேண்டாம்.

நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். யாரிடம் சொல்வது? மச்சான் பெண் கொடுத்த வீட்டுக்காரர், மனைவிக்கு அண்ணன். வாத்தியார் சலூன்காரருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். லாரிக்காரரோ, இவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று பாதி லோடை நடுவழியில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர். ‘வெளியே போய்ப் பிடிங்க’ என்று இவர்களிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அதையே சட்டம் சொன்னால் பழி இல்லை. சந்தேகம் வராமலிருக்க இவர் கொஞ்சம் கத்தினால் போதும்.

கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டார் போலிருக்கிறது.

“நீங்க சொல்றதிலயும் நியாயம் இருக்கு சார்” என்றார் அதிகாரி. “கடை உங்களோடதுதானே. உரிமையாளர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தா ஒரு வருஷம் விலக்கு குடுக்கலாம்னு விதி இருக்கு. இந்த பாரத்துல கையெழுத்துப் போடுங்க, நான் ஒட்டாம போயிடறேன்.”

சலூன்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“என்ன மேடம் இது, அதுக்குள்ள விட்டுக் குடுத்துட்டீங்க? கொஞ்சம் கண்டிப்பாப் பேசுங்க.”

“என்ன சார் சொல்றீங்க?”

“ஒண்ணுமில்ல, வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்கன்னு சொன்னேன்.”

“போடு மாப்ளே கையெழுத்தை” என்றார் மச்சான். குரலில் பழைய வேகத்தைக் காணோம்.

“பேனா இல்லையே மச்சான். வாத்தியாரய்யா, உங்ககிட்ட?”

வாத்தியார் சட்டைப்பையில் எந்த நேரமும் இரண்டு பேனா இருக்கும். இன்றைக்கென்று பார்த்து, தோளில் கிடந்த துண்டை இழுத்துப் பையை மூடிக்கொண்டார். “மறந்துட்டேம்ப்பா.”

“என்னைப் பார்க்காதீங்கண்ணே, நமக்கும் பேனாவுக்கும் வெகு தூரம்” என்றார் லாரிக்காரர்.

“இந்தாங்க, என்னோடது” என்று அதிகாரி நீட்டினார்.

சவரக் கத்தியை வெட்டும் பக்கம் பிடித்தவர் மாதிரி சலூன்காரர் அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டால் இன்னும் ஒரு வருஷம் புகை. போடாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. புகார் கொடுத்தவரைச் சுகாதார ஆபீஸில் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அதில் பிடித்து முரண்டு பண்ணினால் இந்தப் பெண் கோபத்திலாவது ஒட்டிவிட்டுப் போய்விடும்.

“கையெழுத்தெல்லாம் அப்புறம்! புகார் எழுதின புண்ணியவான் யாருன்னு எனக்குத் தெரியணும். அந்தக் கடிதத்தைக் கண்ணுல காட்டாம ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்!”

பெஞ்சிலிருந்து சபாஷ் வரவில்லை.

“அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?” என்றார் வாத்தியார்.

“வேணாம் மாப்ளே, பாவம் யாரோ” என்றார் மச்சான்.

“யாருன்னு சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல சார்” என்ற அதிகாரி, கோப்பைத் திறந்து புரட்டினார். “கடிதம்னு பொதுவாச் சொன்னா எப்படி? நாலு இருக்கே. நீங்க எதைக் கேக்கறீங்க? இடது கையால கோணல்மாணலா எழுதினதா? எங்க நோட்டீஸ்ல இருந்த எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில திருத்தி அனுப்பினதா? லாரி லோடு சீட்டு முதுகுல, ‘பக்கத்துல ரெண்டு பேர் ஊதும்போது நான் மட்டும் எப்படி நிறுத்தறது’ன்னு கேட்டிருக்கே, அதுவா? இல்ல, ‘என் தங்கச்சி புருஷன் மனசு நோகாமப் பார்த்துக்கோங்க’ன்னு முடியுதே, அதுவா?”

மூன்று சிகரெட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன.

“மேடம்” என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில், “அந்தப் பசை டப்பாவை இப்படிக் குடுங்க, நாங்களே ஒட்டிக்கிறோம்.”