இரண்டாவது வகை

அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

ஆள்காட்டி விரலில் வளையத்தை மாட்டி ஒரு சுற்று. உள்ளங்கையில் ஒரு பிடி. மறுபடியும் ஒரு சுற்று.

அது அவளுடைய ஸ்கூட்டர் சாவி.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே மனநல மருத்துவர். அவள் வயதுதான் இருக்கும். நிதானமாகப் பேசுகிற பெண்.

வீட்டிலிருந்து யாராவது கூட வந்தால் நல்லது என்று போன முறை சொல்லியிருந்தார். மனைவிமேல் புகார் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான். ஆபீசுக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.

பால் பொங்கி வழிந்ததைச் சொன்னான். பூட்டாமல் போன வீட்டைச் சொன்னான். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ போய்விடுவாள் என்றான். பெரியதைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

ஒரு மழை நாள். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனவள் பாட்டு வகுப்பு வாசலில் போய்க் காத்து நின்றாள். பாட்டு வகுப்பு மறுநாள்தான். பள்ளி வாசலில், வாட்ச்மேன் குடைக்குள், பிள்ளை அழுதுகொண்டு நின்றது.

அன்றைக்குப் பிடுங்கிய சாவி. அதன் பிறகு மகளை அவளோடு தனியாகத் தெருமுனைக்குக்கூட அவன் அனுப்புவதில்லை. இனியும் அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் அவனுக்கு. அதற்காகத்தான் வந்திருந்தான்.

"எங்க வீட்டுல இவளுக்குப் பேரே டியூப்லைட்தான் டாக்டர்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அவனுடைய போனில் அவள் நம்பர் அந்தப் பேரில்தான் இருக்கிறது. நாத்தனார் மகன் டியூப்லைட் அத்தை என்று கூப்பிட்டபோது வீடே சிரித்தது. மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை.

அவளுக்கு இருப்பது ஏடிஎச்டி என்கிற கவனக் கோளாறாக இருக்கலாம், பெரியவர்களுக்கு அது ஒரே மாதிரி வருவதில்லை என்றார். முதல் வகைக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போவார்கள். பார்ப்பவர்களுக்கு அது சோம்பல் என்று தோன்றும், அக்கறையில்லை என்று தோன்றும். இரண்டாவது வகை என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவன் குறுக்கே விழுந்தான்.

"முதல் வகைதான் டாக்டர். சந்தேகமே வேணாம்."

டாக்டர் நிறுத்தினார். ஒரு கணம் அவனைப் பார்த்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இரண்டாவது வகைக்காரர்களால் சும்மா இருக்க முடியாது. கையோ காலோ ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுக்காது. யோசிப்பதற்கு முன்னால் செய்துவிடுவார்கள். இரண்டும் கலந்தவர்களும் உண்டு.

சாவி சுழன்றுகொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். மேஜைக்கடியில் ஆடுகிற அவன் முழங்காலைப் பார்த்தாள். டாக்டரின் பேனாவைப் பார்த்தாள். வந்ததும் வராததுமாக அவன் எடுத்துத் திருகி, மூடியைக் கழற்றிப் போட்டிருந்தான்.

டியூப்லைட் எரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான். அதற்கு யாரும் கேலிப் பேர் வைக்கவில்லை. வைத்ததெல்லாம் நல்ல பேர். மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தபோது ரோஷக்காரன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் கார் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது துணிச்சல்காரன். சிவப்பு விளக்கில் நிற்காமல் போய், பைக்கோடு மகளும் விழுந்து, பிள்ளையின் தாடையில் தையல் போட்டார்களே, அன்றைக்கு மாமியார் சொன்னது, பாவம், அவனுக்கு என்ன அவசரமோ.

அந்த பைக் சாவியை யாரும் பிடுங்கவில்லை.

இருவருக்கும் ஒரே கோளாறுதான் போலிருக்கிறது. அவன்மேல் அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். உள்ளே இருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் அவள்.

வரவில்லை. துளிகூட வரவில்லை. நாக்கின் அடியில் ஏதோ இனித்தது.

டாக்டர் அவன் பக்கம் திரும்பி, சின்ன வயதில் நீங்கள் எப்படி என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வகுப்பில் பாதி நாள் பெஞ்சுமேல்தான் நிற்பானாம். ஓர் இடத்தில் உட்கார்ந்த சரித்திரமே கிடையாதாம். இன்றைக்கும் அப்படியேதானாம். டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார். அவனைப் பற்றியும் உடன் இருப்பவர் யாராவது சொன்னால் கேட்கலாம், அவனுக்குச் சம்மதமென்றால், என்றார்.

அவன் சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் அவளைக் காட்டினான்.

"இவளையே கேளுங்க. ஆனா இவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?"

அவள் மடியிலிருந்த கைப்பையைத் தரையில் வைத்தாள்.

நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பால் மறந்துபோகும். பூட்டு மறந்துபோகும். கிழமை மறந்துபோகும். அவன் சொன்ன சொல் ஒன்றுகூட இதுவரை மறந்ததில்லை.

"சொல்றேன் டாக்டர். அவர் அந்தச் சாவிய மட்டும் கீழ வைக்கட்டும்."

அவன் சிரித்தபடியே சாவியை மேஜையில் வைத்தான். அது அசைந்து நிற்பதற்குள் அவன் விரல்கள் பேனாவுக்குப் போயிருந்தன.

டாக்டர் அதைப் பார்த்தார்.

அவள் சாவியை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

பிறகு, கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தாள்.