மலையாகிப் போன ஜமால்

கோவில்பட்டியில் இருந்தபடி செண்பகவல்லி ஞாயிறுதோறும் இணையத்தில் கதை விளையாட்டு நடத்துவாள். அவள் கதையைச் சொல்ல, நண்பர்கள் அதன் பாத்திரங்களாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். அவர்களில் ஒருவனான ஜமால் செவ்வாய்க் கிரகத்துக்கு வேலைக்குப் போனபின், ஒரு கேள்விக்கு அவனிடமிருந்து பதில் வர அரைமணி நேரமானது.

“எனக்காக ஏன் எல்லாரும் காத்துக் கெடக்கணும்? என் நகல வச்சு ஆடிக்கோங்க,” என்று சொல்லியனுப்பினான். தூரம் போனவர்கள் தங்களைப் போலவே பேசும் நகலை விட்டுச்செல்வது அப்போது வழக்கம்.

செண்பகவல்லி நகலைத் தொடவில்லை. கதையில் வாள்வீரனாக இருந்த ஜமாலை மலையாக்கினாள்.

“இந்த மலை நிதானமாத்தான் பேசும். அதுட்ட கேக்காம யாரும் கணவாயத் தாண்ட முடியாது.”

நண்பர்கள் வழி கேட்டுவிட்டு, அடிவாரத்தில் கூடாரமடித்தார்கள், சமைத்தார்கள், ஓநாய்களை விரட்டினார்கள். ஒருவழியாக மலை வாய் திறந்தது.

“யாருல அது, எங் காலடியில புளியோதரை கிளறுறது?”

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அதே செய்தியில் ஜமாலின் குரல் தொடர்ந்தது.

“செம்பா, இங்க என்கூட நாலு பேரு கேட்டுட்டு இருக்காங்க. அவங்களும் மலையாகணுமாம். எடம் இருக்கா?”

செண்பகவல்லி வரைபடத்தை விரித்து, வடக்கே ஒரு மலைத்தொடரை வரையத் தொடங்கினாள்.