ஸ்டெல்லாவின் படம்

லிங்கராஜபுரத்தில், காசநோய் ஆராய்ச்சி செய்யும் சிறிய அறக்கட்டளையின் அலுவலகம். மதிய வெயில் மேசைமேல் விழுகிறது. சங்கமித்ரா கணினித் திரையைத் திருப்பி வைக்கிறாள். திரையில் காசநோய் மாத்திரை அட்டையைப் பிடித்தபடி சிரிக்கிறாள் ஸ்டெல்லா. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஆபீஸ் செவுத்துல மாட்டத்தானே கேட்டீங்க? யாரோ போன்ல காட்டி, கார்மெண்ட்ஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க மேடம். பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க." சங்கமித்ராவுக்குக் காது மடல் சுடுகிறது. ஒரே முதலாளி இல்லாமல் பலரும் அவரவர் சர்வரில் தனித்தனியாக நடத்தும் ஒரு சமூக வலைத்தளத்தில், அறக்கட்டளைக்கு ஆள் சேர்க்கப் படத்தைப் போட்டவள் அவள்தான். கேட்காமலே போட்டாள். எங்கெங்கிருந்தோ பகிர்ந்தார்கள், அதைக் கொண்டாடி அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். இப்போது அழிக்கும் பொத்தானை அழுத்துகிறாள். படம் மறைகிறது. ஸ்டெல்லா பெருமூச்சு விட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "போயிடுச்சா? ரொம்ப தேங்க்ஸ் மேடம்." வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போகிறது. சங்கமித்ரா திரையைப் பார்த்தபடி சொல்கிறாள். "இல்லக்கா. இங்க மட்டும்தான் போச்சு. மத்தவங்க சர்வர்ல காப்பி இருக்கும். கேட்டுப் பாக்கறேன், அவங்க எடுத்தாத்தான் உண்டு." ஸ்டெல்லா கையை விடவில்லை. "மத்தவங்கன்னா யாரு மேடம்?" என்று கேட்கிறாள். அவர்களில் ஒருவரைக்கூட சங்கமித்ராவுக்குத் தெரியாது.