தோற்பவர் எழுத வேண்டும்

வாசற்படியில் தனுஷா, எதிரே பாயில் அண்ணன் இளவரசன். அம்மாவின் கட்டிலில் யாருமில்லை. தண்ணீர் பிடிப்பது யார் என்பதைக்கூட இவர்கள் கைபேசிக் கார் பந்தய விளையாட்டில்தான் முடிவு செய்வார்கள். இன்று தோற்பவர், செம்மரம் வெட்டப்போய் ஆந்திரச் சிறையில் இருக்கும் அப்பாவுக்கு, அம்மா இறந்ததை எழுத வேண்டும். திரையில் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பொம்மைக் கார்கள் ஒன்றையொன்று சுட்டபடி தட்டுகளைச் சுற்றிப் பாய்கின்றன. தனுஷாவின் சிவப்புக் கார் கரண்டியில் மோதிக் கவிழ்கிறது.

“இன்னாடி, கண்ண மூடிக்கினு ஓட்டுறியா?”

அவன் நீலக் கார் எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறது.

“இன்னாண்ணா நின்னுட்ட?”

“விரலு வலிக்குது. நீ போ.”

நிமிர்ந்த சிவப்புக் கார் கோட்டைத் தாண்டுகிறது. அவன் பேனாவை எடுக்கிறான். எழுதி ஒட்டிய உறையைத் தெருமுனைத் தபால்பெட்டியில் பாதி நுழைத்தபின்னும் அவன் விரல்கள் அதை விடவில்லை. தனுஷாதான் உள்ளே தள்ளிவிடுகிறாள்.