ஸ்டெப்னியில் இருந்த காற்று

மாதத்தின் முதல் ஞாயிறன்று சிவசைலம் தம் காரை அந்தோணியின் பஞ்சர் கடைக்கு ஓட்டி வருவார். நான்கு சக்கரங்களின் காற்றழுத்தத்தையும் பார்த்தபின், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்க்கச் சொல்வார். காந்திமதி உயிரோடு இருந்தவரை அவருக்கு இந்த வழக்கம் இருந்ததில்லை. அவருடைய மனைவியான அவள்தான் சுவரில் கை ஊன்றி, கால்பம்பை மிதித்து, ஸ்டெப்னிக்குக் காற்றடிப்பாள். "படுத்துக் கெடக்க டயருக்கு எதுக்குட்டி காத்து?" என்று அவர் கேலி செய்வார். அவளுக்கு நெஞ்சு வலித்த அன்று, அவர் கவனியாது விட்டிருந்த முன்சக்கரம் பாதி வழியில் தரையோடு அமர்ந்தது. அவள் காற்றடித்து வைத்திருந்த ஸ்டெப்னியே மருத்துவமனை வரை ஓடியது. ஆனால் அதை மாட்டுவதற்குள் இருபது நிமிடங்கள் கடந்திருந்தன. அவளுடைய காரியங்கள் முடிந்ததும் அவர் அதைக் கழற்றி, அந்தக் காற்றோடு மீண்டும் டிக்கியில் வைத்தார்.

"ஸ்டெப்னில காத்து இருபது பவுண்டுக்கு வந்துட்டு அண்ணாச்சி. நெரப்பிரட்டா?" என்று இந்த மாதம் அந்தோணி கேட்டான்.

"வேண்டாம். அளவ மட்டும் பாரு."

"பஞ்சர் ஒண்ணும் இல்ல. மாசாமாசம் மீட்டர வச்சுப் பாக்கச் சொல்லுதியல்லா, அதுலதான் கொஞ்சங்கொஞ்சமாப் போகுது."

சிவசைலம் திடுக்கிட்டு அவன் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார்.

"அக்கா இருந்தா இப்படி வெறும் ஸ்டெப்னியோட ஓட்ட விடுவாவளா?" என்றான் அந்தோணி, காற்றுக்குழாயை இழுத்தபடி.

வால்வின் சிறிய கறுப்பு மூடி சிவசைலத்தின் உள்ளங்கையில் இருந்தது. அதைப் போட்டு மூடவும் அவருக்கு மனம் வரவில்லை; குழாய்க்கு வழிவிட்டு விலகவும் மனம் வரவில்லை.