திருப்பித் தரவேண்டிய சிலுவை

மேசைமேல் முதலில் சாவியைத்தான் எடுத்து வைத்தாள் வால்புர்கா.

"இது என்னம்மா, அரண்மனைச் சாவியா? மியூனிக்ல பாதிப் பேர் அதத்தான் தேடிட்டிருக்காங்க," என்றார் விருது அலுவலக எழுத்தர் ஸ்டாங்ல்.

சாவியை அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடியில் கிடந்த சிறு பெட்டியை எடுத்து நீட்டினாள்.

நீல எனாமல் சிலுவை. கரங்களுக்கு நடுவே பொன் தழல்கள். பின்பக்கம் ஒரு சிங்கம். முன்பக்கம் ஒரே ஒரு லத்தீன் சொல்: தகுதியானவனுக்கு.

எந்தத் தகுதியானவன் என்று பெயர் கிடையாது.

அதற்குக் காரணம் இருந்தது. சிலுவை அரசருடையது. வாங்கியவர் இறந்ததும் வீட்டார் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். துடைத்து, புது நாடா கோத்து, வேறொருவர் மார்பில் குத்துவார்கள்.

அவள் கணவன் லொரென்ஸுக்கு வந்தபோதே கீழ்க்கரத்தில் எனாமல் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. இதற்கு முன்னால் ஒருத்தி இதே மேசையில் இதைக் கொண்டுவந்து வைத்திருப்பாள் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு எப்படியாவது ரசீதோடு வீடு திரும்பிவிட வேண்டும். மனது மாறுவதற்குள்.

ஆனால் ரசீதில் முத்திரை வேண்டும். அதுதான் ஸ்டாங்லின் தலைவலி. போர் முடியும் தறுவாயில் புரட்சி வெடித்து, அரசர் ஊரைவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. முத்திரையில் கிரீடம் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. பேனாக்கத்தியால் கிரீடத்தைச் சுரண்டிவிட்டார். 'அரச' என்ற எழுத்துகளில் பாதி போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அரசுப் பணியாளர்கள் எல்லாருக்கும் அரசர்மேல் எடுத்த சத்தியத்திலிருந்து விடுதலை கொடுத்தாயிற்று. அலுவலகத்துக்கு வரவேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் வந்துகொண்டிருந்தார்.

வருகிற சிலுவைகளை வாங்குவதா வேண்டாமா, வாங்கினால் யார் பேரில் வாங்குவது என்று மேலே போய்க் கேட்டாராம். ஓர் அதிகாரி வாங்கு என்றாராம். அடுத்த அறைக்காரர் தொடாதே என்றாராம். இரண்டுக்கும் நடுவே அவரே ஒரு விதி வகுத்துக்கொண்டார்.

"தேதி ஒண்ணு சொன்னாப் போதும், லெப்டினன்ட் வீட்டம்மா. உங்க வீட்டுக்காரர் ராஜா போறதுக்கு முன்னாடி தவறினாரா, பின்னாடியா? முன்னாடின்னா இது ராஜாவோடது, வாங்கி அலமாரில வச்சிருவேன். பின்னாடின்னா யாரோடதுன்னு எனக்கே தெரியல."

வால்புர்கா படிவத்தை அவர் முன்னால் தள்ளினாள்.

அதில் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தாள். இறந்த தேதிக்கான இடம் மட்டும் காலி.

ஊரில் பரவும் விஷக்காய்ச்சலில் போய்விட்டாரா என்று மெதுவாகக் கேட்டார். அந்த மாதம் ஊரில் சவப்பெட்டி கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. இல்லையென்று தலையசைத்தாள்.

சரி, கோப்பில் இருக்கும் என்று எழுந்து போய்த் தேடி எடுத்து வந்தார். நின்றபடியே புரட்டியவர், மெல்ல உட்கார்ந்தார்.

சிலுவையைத் திருப்பித் தரச்சொல்லி அலுவலகம் அனுப்பிய மூன்று கடிதங்களின் படிகள். மூன்றும் அவர் கையெழுத்துத்தான். ஒவ்வொன்றின் பின்னாலும் அவள் எழுதிய பதில் தைக்கப்பட்டிருந்தது. கடைசிப் பதில் இரண்டே வரி. அவளுக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தார்.

'வெர்டன் போர்முனையில் காணாமல் போனவர் இறந்தவர் ஆகமாட்டார். சிலுவை வேண்டுமென்றால் அவரே வந்து தருவார்.'

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பள்ளிப் பிள்ளையைப்போல, வால்புர்கா காலி இடத்தில் விரலை வைத்தாள்.

"இன்னிக்குத் தேதி போட்டுக்குங்க, ஐயா."

ஸ்டாங்ல் பேனாவை மையில் தோய்த்தார். நிப்பின் நுனியில் துளி திரண்டது. அதைத் திரும்பவும் புட்டிக்குள்ளேயே உதறினார்.

"இன்னிக்குத்தான் ராஜா இல்லியேம்மா," என்று பெட்டியை அவள் பக்கமே நகர்த்தினார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்கிக்கொண்டார்களா, இல்லையா? கணக்கில் லொரென்ஸ் இப்போது இருக்கிறானா, போய்விட்டானா? கேட்டால் அந்த மனிதருக்கும் தெரியாது என்று அவர் முகமே சொன்னது.

தெருவில் தொப்பிச் சின்னத்தைப் பிய்த்தெறிந்த சிப்பாய்கள் ரயிலடியிலிருந்து மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வருகிறவர்களில் அவனைத் தேடும் வேலை இனி வேண்டாம் என்று காலையில்தான் தீர்மானித்திருந்தாள். ஆனாலும் எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.

வீட்டு வாசலில் குனிந்து பூந்தொட்டியைச் சற்றே தூக்கினாள். அவன் வந்தால் திறக்கட்டும் என்று இரண்டு வருடமாக அங்கேயே கிடந்து, இன்று காலை அவள் எடுத்துப்போன சாவியின் தடம் ஈரமண்ணில் அப்படியே இருந்தது.

அந்தத் தடத்திலேயே சாவியைப் பொருத்தி வைத்தாள்.